பழுதுப் பெட்டி

“புது மதர்போர்டு அப்புறம். ரிப்பேராகித் திரும்பி வந்ததெல்லாம் எடுங்க பாய். எது சாகுதுன்னு தெரிஞ்சாத்தான் எதை வாங்கலாம்னு தெரியும்” என்றாள் ஜெயசீலி.

அவளுக்குப் பார்வையில்லை. அவளுக்குப் படித்துக் காட்டுவது கணினிதான். இரண்டு முறை பாதி வேலையில் ஊமையாகிவிட்டது. இம்முறை பாகங்களை வாங்கித் தானே பூட்டப்போகிறாள்.

கடைக்காரர் கமாலுதீன் பழுதுப் பெட்டியைக் கவிழ்த்தார். ஒவ்வொரு போர்டிலும் குட்டி உருளைகளாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலையை அவள் தடவினாள். உப்பியிருந்தால் செத்த போர்டு; ஒதுக்கினாள். பதினேழாவது போர்டில் ஒன்றுகூட உப்பவில்லை.

“இதுக்கு என்ன கோளாறு?”

“ஒண்ணுமில்லம்மா. பதினோரு வருஷம் ஓட்டினவரு இறந்துட்டாரு. வீட்ல குடுத்துட்டாங்க.”

ஜெயசீலி அதைத் துப்பட்டாவால் துடைத்தாள்.

“இதையே குடுங்க. என்னையும் தாண்டி ஓடணும்.”