வளையம் இல்லாத கை

"கையைக் காட்டும்," என்றார் அருளம்பலம்.

ஜெஸீம் இரண்டு கைகளையும் நீட்டினான். வியர்வை வழிந்தது. சிவப்பு றப்பர் வளையத்தைத்தான் காணவில்லை.

கூட்டம் குசுகுசுக்கத் தொடங்கியது.

நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஊர்க் கழகம் வைத்த மரதன் ஓட்டம். சண்டிலிப்பாயில் தொடங்கி, மருதனார்மடத்துக்குக் கிட்ட ஒரு ஒழுங்கை முகப்பில் வைத்திருக்கும் தார்ப்பீப்பாவைச் சுற்றிக்கொண்டு திரும்பி வரவேண்டும். பீப்பாவடியில் நிற்கிற ஆள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிவப்பு வளையத்தைப் போட்டுவிடுவார். வளையம் இல்லாமல் வந்தால் பாதி வழியில் திரும்பிய கள்ளன் என்று அர்த்தம்.

இந்த முறை பீப்பாவடியில் நின்றது பத்மாவதி. ஜெஸீமுக்கு அடுத்ததாக ஓடி வந்தது அவளுடைய புருஷன் வாகீசன்.

"அப்பவே நினைச்சனான்," என்று வாகீசன் மூச்சு வாங்கினார். "நான் பீப்பாவடிக்குப் போகேக்கை இவர் எனக்கு எதிரை வந்தவர். உந்த வயசிலை உந்த வேகம் ஆருக்கும் வராது. இடையிலை எங்கையோ திரும்பியிருக்கிறார்."

ஜெஸீம் பெரிய வாய்க்காரன்தான். சின்ன வயதில் மற்ற முஸ்லிம்களோடு ஊரை விட்டு வெளியேற்றப்பட்டு, பிறகு புத்தளத்திலிருந்து திரும்பி வந்து சந்தியில் இரும்புக் கடை போட்டவன். காலையில் ஓடப் போகிற வேளையில் வாகீசனை முந்தும்போதெல்லாம், "என்ன வாத்தியார், என்ரை முதுகு வடிவாத் தெரியுதோ?" என்று கேட்காமல் போகமாட்டான். அந்த முதுகை முந்துவதற்காகவே வாகீசன் ஒரு வருஷமாகப் பாணையும் சீனியையும் விட்டிருந்தார். அவருக்கென்று விடிய எழும்பிக் குரக்கன் கூழ் காய்ச்சிக் களைத்தவள் பத்மாவதி.

கழகத் தலைவர் அருளம்பலம் நீதவான் மாதிரித் தொண்டையைச் செருமினார். கடைசி ஆளுக்கும் வளையம் போட்டுவிட்டு ஓட்டோவில் வந்திறங்கியிருந்த பத்மாவதியின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை பத்மாவதி, நீர் சொல்லும். இவர் பீப்பாவடிக்கு வந்தவரோ?"

"வரேல்லை."

"பெஞ்சாதியை அங்கை நிப்பாட்டினா வேறை ஆருக்கு வளையம் கிடைக்கும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் சிரித்தது.

அருளம்பலம் அந்தப் பக்கம் முறைத்துவிட்டு, "நீர் அந்த இடத்தை விட்டு அங்காலை இஞ்சாலை போகேல்லைத்தானே?" என்றார்.

போனாள்தான். ஓடுகிறவர்கள் வர இன்னும் நேரமிருக்கு என்ற நினைப்பில், போன் அடித்ததும் மதிலுக்குப் பின்னால் போனாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்தான் மகன் இருக்கிற இடத்தில் பிள்ளைகளுக்குப் போன் கொடுப்பார்கள். மகன் யதுசன் கட்டாரில் வேலை செய்கிறான் என்றுதான் ஊருக்குச் சொல்லியிருக்கிறது. அவன் இருப்பது போதைக்குப் போனவர்களைத் திருத்துகிற நிலையத்தில்.

"ஓடி வந்திடாதை அப்பன், அம்மா கும்பிட்டுக் கேக்கிறன், முடியுமட்டும் அங்கையே இரு," என்று மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெளியே வந்தபோது வீதி வெறிச்சென்று கிடந்தது. பிறகு முதல் ஆளாக வந்தவர் வாகீசன்.

அதற்குள் ஒருவன் வந்துவிட்டுப் போயிருப்பானோ? போயிருந்தால் ஒரு சத்தம் போடமாட்டானோ? வளையம் எல்லாம் அவள் கையில்தானே கிடந்தது.

போன் வந்தது என்று இப்போது வாய் திறந்தால், ஆர் எடுத்தது, எங்கையிருந்து எடுத்தது என்று அருளம்பலம் விடமாட்டார். மகள் கஜந்தினியைப் பெண் கேட்டு வந்திருப்பது அவருடைய தங்கச்சியின் குடும்பம். அடுத்த கிழமை நாள் பார்க்க வருகிறார்கள்.

"ஒரு அடி அசையேல்லை," என்றாள். "அந்த வெயிலுக்கை கட்டை மாதிரி நிண்டனான். என்ரை கண்ணிலை படாமல் போறதுக்கு உவர் என்ன காத்தோ?"

கூட்டம் சிரித்தது.

"நீர் சொல்லும் ஜெஸீம். பீப்பாவடிக்குப் போனீரோ, இல்லையோ?"

ஜெஸீம் பத்மாவதியைப் பார்த்தான். எதையோ சொல்ல வாயெடுத்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"போகேல்லை. கால் பிடிச்சிட்டுது. கோயிலடியிலை திரும்பிட்டன்."

"உவையளைச் சேத்ததே பிழை," என்றது பின்னாலிருந்த அதே குரல். இந்த முறை அருளம்பலம் முறைக்கவில்லை.

பந்தலடியில் நின்று வாப்பாவை வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஜெஸீமின் மகள் ஆஸிகா, போனை மெல்ல இறக்கினாள். அப்படியே விலகிப்போய் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

வாகீசன் ஒலிவாங்கியைப் பிடித்தார். வெற்றி தோல்வி பெரிசில்லை, நேர்மைதான் பெரிசு என்றார். ஆருக்கும் பயப்படாமல் உண்மையைச் சொன்ன தன் மனைவியின் கையாலேயே கோப்பையை வாங்க ஆசைப்படுவதாகச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

மேடைக்குப் போகிற வழியில் ஜெஸீம் நிலத்தில் குந்தியிருந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். பத்மாவதி பேசாமல் கடந்து போயிருக்கலாம். அது அவளுக்கு வராது.

"உங்களுக்கு வெக்கமா இல்லையோ?" என்றாள். "அந்தப் பிள்ளையின்ரை முகத்தை ஒருக்காப் பாருங்கோ. ஒரு கோப்பைக்காகப் பெத்த பிள்ளைக்கு முன்னாலை கள்ளனா நிக்கோணுமோ?"

ஜெஸீம் மகள் நின்ற பக்கம் பார்த்தான். பக்கத்தில் வேறு ஆரும் நிற்கிறார்களோ என்றும் பார்த்தான். பிறகு, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் குரலைத் தாழ்த்தினான்.

"மகன் என்ன சொன்னவர், அக்கா? அங்கையே இருக்க ஓமெண்டவரோ?"