இரண்டு கொம்பன்கள்

"ரெண்டு பேர்ல ஒருத்தன் இன்னைக்குச் செத்தாகணும். யாருன்னு நீங்களே முடிவு பண்ணுங்க," என்றார் பல் டாக்டர், பிஸ்கட்டைக் காப்பியில் நனைத்தபடி.

லிஃப்ட் மெக்கானிக் முறைத்துப் பார்த்தான். எதிரே உட்கார்ந்திருந்த போட்டோகிராபர் இன்றுதான் முதல் தடவையாக அவன் வீட்டுப் படியேறியவன். வந்த அன்றைக்கே உயிருக்கு உலை வைக்கிறான்.

உயிர் என்றால் கொம்பன். ஆளுக்கொரு வேடம் ஏற்று, பகடை உருட்டி, பேசிப் பேசியே கதையை நகர்த்தும் விளையாட்டில் மெக்கானிக்கின் வேடம் அது, கோடரி வீரன். கதையை நடத்தும் டாக்டர் இன்று குகைக்குள் இன்னொரு கொம்பனை நிறுத்திவிட்டார். அதே முகம், அதே கோடரி. ஒன்று அசல், ஒன்று நகல். புதுக் கொம்பனாக ஆடுவது போட்டோகிராபர்.

வேடம் செத்தால் ஆள் எழுந்துவிட வேண்டும், மறுசேர்க்கை கிடையாது. இது குழுவின் சட்டம். வாரமெல்லாம் இருட்டுக் குழிக்குள் கம்பிக் கயிற்றோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு, இந்த ஆட்டம் நடக்கும் சனிக்கிழமை ஒன்றுதான் மனித முகம் பார்க்கிற நாள்.

ஆனாலும் நம்பிக்கை இருந்தது. அவன் சேர்ந்த பிறகு இவர்கள் ஒரு பொறியில்கூடச் சிக்கியதில்லை. எந்தப் பாதை என்று தயங்கக்கூட மாட்டார்கள். எல்லாம் தன் ராசி என்பது அவன் கணிப்பு.

"எது அசல்? கையைக் காட்டுங்க," என்றார் டாக்டர் மற்ற ஆட்டக்காரர்களிடம்.

குழுவில் இருந்த வக்கீல் போட்டோகிராபரைக் காட்டினார். "தப்பா நினைக்காதப்பா."

மெக்கானிக் தன் தம்பியைப் பார்த்தான். இந்த விளையாட்டுக்கு அவனை இழுத்து வந்ததே தம்பிதான். தம்பியின் விரலும் போட்டோகிராபர் பக்கமே நீண்டது.

"டேய், என் மேசையில உக்காந்து, என் காப்பியக் குடிச்சுட்டு, எனக்கே குழி பறிக்கிறியா?"

"அவரு நல்லா ஆடுவாருண்ணே."

"வந்து அரை மணி நேரம் ஆகல. அதுக்குள்ள சான்றிதழா?"

டாக்டர் சமாதானத்துக்கு வந்தார். "சண்டை வேணாம். கொம்பனுக்குத் தெரிஞ்ச ஒரு கேள்வி கேக்குறேன். இரும்புக் கதவுக்குப் பின்னால என்ன இருக்கு?"

மெக்கானிக் தன் குறிப்புகளைப் புரட்டத் தொடங்கினான்.

"ஏரி. நடுவுல தூங்குற பாம்பு," என்றான் போட்டோகிராபர், மூச்சு விடாமல்.

மெக்கானிக் மேசையைத் தட்டிச் சிரித்தான். "மாட்டுனியா! அந்தக் கதவ நாம இன்னும் தொறக்கவே இல்லையே!"

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். வக்கீலுக்குத் திடீரென்று பகடையைத் துடைக்க வேண்டியிருந்தது.

தம்பிதான் மெல்ல வாயைத் திறந்தான்.

"அந்தக் கதவ இவரு கொம்பனா நேத்தே தொறந்துட்டாரு. அண்ணே, நாங்க நிஜமா ஆடுறது வெள்ளிக்கிழமை."