வலைக்கு வெளியே

தணிகாசலத்துக்குக் காய்ச்சல் கண்டதும் அவன் கட்டிலைச் சுற்றிக் கொசுவலை கட்டினார்கள். இன்று அவன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான். வலைக்குத் தலைகால் புரியாத பெருமை.

காலில் வெள்ளை வரி போட்ட கொசு ஒன்று வந்து வலைமேல் உட்கார்ந்தது.

"உள்ளே விடமாட்டேன்," என்றது வலை.

"உள்ளே எனக்கென்ன வேலை? அவன் ரத்தத்தில் கிருமி வற்றிவிட்டது. இவளைப் பார்."

வெளியே அவன் மனைவி வளர்மதி விசிறிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்குக் காய்ச்சலே இல்லையே!"

"நாளைக்கு வரும். கிருமி இன்றைக்கே பொங்கி நிற்கிறது."

வலை கத்தியது. மனிதர் காதில் விழவில்லை. கொசு அவள் கணுக்காலில் வயிறு புடைக்கக் குடித்துவிட்டு, சுவர்க் காலண்டருக்குப் பின்னால் ஒண்டியது.

"இந்தக் கிருமி எனக்குள் சில நாள் ஊறட்டும். அப்புறம் வருகிறேன்."

மறுநாள் வளர்மதிக்கு உடம்பு கொதித்தது. தணிகாசலம் அவளை வலைக்குள் படுக்கவைத்தான். கைப்பிள்ளையை அவளிடமிருந்து வாங்கினான்.

"என்கிட்டயே இருக்கட்டுங்க," என்றாள் அவள்.

"வேணாம்மா, பிள்ளைக்கு ஒட்டிக்கும்," என்று வெளியே தூளியில் போட்டான்.

வலை காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தது. நாட்கள் போயின. வளர்மதிக்குக் காய்ச்சல் தணிந்தது. ஒரு காலையில் காற்றே இல்லாமல் காலண்டர் தாள் அசைந்தது.

"தூளியை மூடுங்கள்!" என்று அலறியது வலை.

தணிகாசலம் வந்தான். வலையின் ஓரங்களை மெத்தைக்கடியில் இன்னும் இறுக்கமாகச் செருகிவிட்டுப் போனான்.