இல்லை என்று சொல்லக் கூடாது

சட்டையின் வலது கைப் பொத்தானை மாட்ட முடியாமல் அவன் திண்டாடிக்கொண்டிருந்தான். இடது கை விரல்களுக்குள் பொத்தான் நழுவி நழுவிப் போனது. நீட்டிய வலது கையோ வெடவெடவென்று நடுங்கியது.

"கொடுங்க தம்பி" என்று பக்கத்து நாற்காலிக்காரர் அந்தக் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். அங்கே எல்லோருக்கும் டிரைவர் ஐயா. பொத்தானைப் பிடித்ததும் அவர் கை நடுக்கம் கொஞ்சம் அடங்கியது, ஆனால் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒரு சின்னப் பொத்தானுக்கு அவர் நெற்றியில் வியர்வை அரும்பிவிட்டது.

"எனக்கு இந்த வியாதி இருக்கிறதே பொத்தான்லதான் தெரிஞ்சுது. நடுக்கம் எல்லாம் பின்னாடி வந்த விருந்தாளி" என்றார். மாட்டி முடித்ததும் அவர் தோள்கள் குலுங்கின. முகம் சிரிப்பதை நோய் எப்போதோ நிறுத்திவிட்டதால், தோளைப் பார்த்துத்தான் அவர் சிரிக்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

நூலகத்து மாடியில் வாரம் ஒரு நாள் அந்த வகுப்பு. பார்க்கின்சன் நோய் உள்ளவர்கள் கூடி, எழுதி வைத்த வசனம் எதுவும் இல்லாமல், வாய்க்கு வந்ததைப் பேசி நகைச்சுவைக் காட்சிகள் நடிப்பார்கள். சட்டம் ஒன்றே ஒன்றுதான். எதிரில் நிற்பவர் எதைச் சொன்னாலும் "இல்லை" என்று சொல்லக் கூடாது. "ஆமா" என்று சொல்லிக் கதையை வளர்க்க வேண்டும்.

"நமக்கெல்லாம் மேடை நடுக்கம் மட்டும்தான் கிடையாது" என்று பல் டாக்டரம்மா சொல்ல, அறையே சிரித்தது. கை நடுங்க ஆரம்பித்ததும் கிளினிக்கை மூடியவர் அவர். "இனிமே என்கிட்ட வாயைக் கொடுக்க யாருக்குத் தைரியம் வரும்?" என்பார்.

தேநீர் இடைவேளையில் அவன் மெல்லப் படிக்கட்டுக்கு நழுவினான். கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்தான். வலது கை இப்போது துளிகூட அசையவில்லை.

"சார், நடுக்கத்தை அப்படியே பிடிச்சிட்டேன். ஒருத்தருக்கும் சந்தேகம் வரல" என்றான் டைரக்டரிடம். "வீட்லகூட இப்பல்லாம் பொத்தான் மாட்ட வர மாட்டேங்குது சார், பாத்திரம் அந்தளவுக்கு உடம்புல ஊறிடுச்சு. தயவுசெஞ்சு வேற ஆளைத் தேடாதீங்க."

கூட்டத்தில் ஒருவனாகவே நின்று காலம் தள்ளிய நடிகனுக்கு முதல் முறையாகக் கதாநாயகன் வேடம். அதுவும் நோயாளி வேடம். விஷயத்தைச் சொல்லியே வந்து உட்கார்ந்திருக்கலாம், யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்க மாட்டார்கள். எனக்கும் வியாதி என்று புளுகிச் சேர்ந்துவிட்டான். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள்; இவன் புளுகு அதையும் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

பேசி முடித்துத் திரும்பினால், மேல்படியில் பல் டாக்டரம்மா. மாத்திரை போட ஒதுங்கியிருப்பார் போல, கையில் தண்ணீர் பாட்டில். அவன் வலது கை அவசரம் அவசரமாக நடுங்கத் தொடங்கியது.

அவர் பாட்டிலை மூடினார். "வாங்க தம்பி, அடுத்த காட்சி நம்ம ரெண்டு பேருக்கு" என்றார்.

நாற்காலிகளுக்கு நடுவே இருந்த காலி இடம்தான் மேடை. இருவரும் எதிரெதிரே நின்றார்கள்.

"நீங்க ஒரு நடிகர்தானே?" என்று ஆரம்பித்தார் டாக்டரம்மா.

இல்லை என்று சொல்லக் கூடாதே. "ஆமா" என்றான்.

"எங்க வியாதியை நடிச்சுப் பழகத்தான் இங்க வந்திருக்கீங்க."

யாரோ ஒருவர் கைதட்டிச் சிரித்தார். "ஆமா... ஒரு பட வாய்ப்பு..." என்று இழுத்தான் அவன்.

"நாங்க எல்லாம் நல்லா ஏமாந்துட்டோம்னு நினைச்சீங்க."

"ஆமா" என்று சொல்லும்போதே குரல் உடைந்தது. சிரித்தவரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். வலது கை நடுங்க மறந்து சும்மா தொங்கியது. அதில் டிரைவர் ஐயா வியர்க்க வியர்க்க மாட்டிவிட்ட பொத்தானைப் பார்த்ததும் அவன் கூனிக் குறுகிப் போனான்.

"மன்னிச்சிடுங்க ஐயா. நீங்க அவ்வளவு கஷ்டப்பட்டதைப் பார்த்துக்கிட்டே கல்லு மாதிரி உக்காந்திருந்தேன். வெட்கமா இருக்கு. நான் போயிடுறேன்."

"எங்களுக்கு முதல் நாளே தெரியும்" என்றார் டிரைவர் ஐயா. "டம்ளரைத் தூக்கினா எங்க நடுக்கம் கொஞ்சம் அடங்கும். உங்களுக்கு அப்பதான் தாண்டவமே ஆடும். விரட்டிடலாம்னு நான் குதிச்சேன். டாக்டரம்மாதான் வேண்டாம்னுட்டாங்க."

"தெரிஞ்சுமா எனக்குப் பொத்தான் மாட்டிவிட்டீங்க?" அவனுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அத்தனை பேர் முன்னால் கண்ணில் நீர் முட்டியது. "ஏம்மா என்னை விட்டு வெச்சீங்க?"

டாக்டரம்மா அவன் இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக நீவி நிமிர்த்தினார்.

"பொத்தானை மாட்ட வேண்டியது இந்தக் கைதானே? இதை டாக்டர்கிட்ட காட்டுங்க, தம்பி" என்றார். "நடிச்சது வலது கை மட்டும்தான்."