முதல் தண்ணீர்

மழை விட்ட காலையில், முற்றத்து அடுப்பில் கற்றாழைப் பூ கொதிக்கிறது. முதல் கொதித் தண்ணீரைக் கொட்டாவிட்டால் அத்தனையும் கசக்கும்; நெலாகோ இன்னும் கொட்டவில்லை. கம்பங்கொல்லைக்கு அப்பால் ஓடும் மணல்சாலையில் இருக்கிறது அவள் காது. புருஷன் போன மீன்பிடிக் கப்பல் இன்னும் கரை திரும்பவில்லை. சேதி வந்தால் அந்தச் சாலையில்தான் வர வேண்டும். "காதை ரோட்டுல வச்சுட்டா அடுப்ப யாரு அண்ணி பாக்குறது? எங்கண்ணன் வந்து வாயில வச்சதும் துப்பப் போறான்!" நாத்தனார் ஹில்மா சிரித்தபடியே, முன்பே வெந்த பூவைப் பிழிந்து அடையாகத் தட்டி முறத்தில் வைக்கிறாள். "உனக்கென்னடி, சிரிப்பு வருது. போனது உன் புருஷனா?" என்கிறாள் நெலாகோ வெடுக்கென்று. லாரிச் சத்தம் நெருங்குகிறது. படலருகே வேகம் குறைகிறது. இருவரும் அசையவில்லை. பள்ளத்தில் இறங்கி ஏறி, சேற்றை வாரியடித்துவிட்டு லாரி போய்விடுகிறது. நெலாகோ விடுவிடுவென்று பானையை இறக்கி மஞ்சள் தண்ணீரைக் கொட்டுகிறாள்; புதுத் தண்ணீர் எடுக்கத் திரும்புகிறாள். ஹில்மா இன்னும் சாலையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கையில் இருந்த அடை, இறுகிய விரலிடுக்குகளில் கூழாகப் பிதுங்கி, மடியில் சொட்டிக்கொண்டிருக்கிறது.