இறகுக்குள் மறைத்த கால்

காலை மணி ஆறு பத்து. ஏரிக்கரையில் மெல்லிய தூறல் விழுந்துகொண்டிருந்தது. கொக்கு ஒற்றைக்காலில் நின்றது. கட்டுப் போட்ட மற்றொரு கால் இறகுக்குள் ஒளிந்திருந்தது. முந்தின நாள், ஹேண்டில்பாரிலிருந்து இரு சிறகுகளையும் எடுத்துவிட்டுக் கரைச் சரிவில் சைக்கிளைப் பறக்கவிட்டபோது கொக்கு விழுந்து அடிபட்டிருந்தது. நல்லவேளையாக யாரும் பார்க்கவில்லை.

ஆமை தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தது. "என்னண்ணே, கிளம்பலாமா? இன்னைக்காவது எனக்காகக் கொஞ்சம் மெதுவா மிதிங்க."

"நான் வரலை."

"வரமாட்டேன்னு ஏன்ணே இப்படி ஒத்தைக்கால்ல நிக்கிறீங்க?"

"தவம்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டது கொக்கு.

ஆமை நெகிழ்ந்துபோயிற்று. "உங்களைப் போய் வேகப் பைத்தியம்னு ஏரி பூரா சொல்லிட்டேனே! நானும் நிக்கிறேண்ணே." சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, சற்றுத் தள்ளி நின்று ஒரு காலைத் தூக்கியது; உடனே மல்லாக்க விழுந்தது.

புரட்டிவிடப் போனால் மறைத்த காலை ஊன்றியாக வேண்டும், கட்டு தெரிந்துவிடும். கொக்கு கண்களை மூடிக்கொண்டது.

"நீங்க அசையாதீங்கண்ணே, தவம் கலைஞ்சிடும்" என்று காற்றில் கால்களை உதைத்தபடியே சொன்னது ஆமை. வெகுநேரம் கழித்து அவ்வழியே வந்த இரண்டு தவளைகள்தாம் அதைப் புரட்டிவிட்டன.

மறுநாள் காலை ஆமை சைக்கிள் இல்லாமல், தவம் பழகவே வந்தது. கொக்கு தன் கட்டுப் போட்ட காலை வெளியே எடுத்து அதன் முன்னால் வைத்தது. ஆமை கழுத்தை நீட்டி அதை வெகுநேரம் பார்த்தது.

"ரொம்ப வலிக்குதாண்ணே?" என்று கேட்டது.

கொக்கால் தலையை நிமிர்த்த முடியவில்லை.