லைப்ரரி அம்மா வீட்டு முட்டை

சிங்க்கின் அடியில் மல்லாந்து படுத்ததுமே பிளம்பருக்குத் தெரிந்துவிட்டது. நட்டு தானாகக் கழன்றதல்ல, யாரோ கழற்றியிருக்கிறார்கள். தாங்களே ரிப்பேர் பார்க்கிறேன் பேர்வழி என்று கெடுத்துவைத்துவிட்டுக் கூப்பிடுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஒரே திருகில் முடிகிற வேலை. அதை ஒரு மணி நேரத்துக்கு இழுக்கும் வித்தை அவனுக்குக் கைவந்தது.

இங்கே வரக் கிளம்பும்போதே துணைக்குத் தன் கூட்டாளி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்தான். "அந்த வீடா? ஆளை விடு. போன வருஷம் அங்க போய்ப் போன இடுப்பு இன்னும் திரும்பல" என்று அவன் நழுவிவிட்டான்.

வீட்டுக்காரம்மா நூலகத்தில் வேலை பார்ப்பவர். இருபத்தாறு வருடமாகப் புத்தகங்களில் தேதி முத்திரை குத்திக் குத்தி, பேச்சே கிசுகிசுப்பாகிவிட்டது. தெருவில் அவருக்கு லைப்ரரி அம்மா என்றுதான் பெயர்.

சிங்க்குக்குப் பக்கத்திலேயே பெரிய கண்ணாடித் தொட்டி. அதில் இரண்டு ஆக்சலாட்டல்கள், வெளிறிய ரோஸ் நிறத்தில். பல்லிக்கும் மீனுக்கும் பிறந்தது போன்ற உடம்பு, கழுத்தைச் சுற்றி இறகு மாதிரி செவுள், எந்நேரமும் சிரித்த முகம். தனியாக ஒரு தட்டுத் தண்ணீரில் பிளாஸ்டிக் செடி ஒன்று கிடந்தது. அதன் இலையெல்லாம் முட்டை.

"நூறுக்கு மேல இருக்கும். ரெண்டு இஞ்ச் வளர்ந்துட்டா கடைக்காரங்க வந்து அள்ளிட்டுப் போவாங்க" என்ற அந்த அம்மா, ஒரு குட்டியின் விலையையும் கிசுகிசுத்தார். மூன்று நாள் குழாய் திருகினாலும் அவனுக்கு அந்தக் காசு கிடைக்காது.

பதினெட்டு வருடமாக அடுத்தவர் வீட்டு அழுக்குத் தண்ணீர் மூக்கில் சொட்டியே அவன் பிழைப்பு ஓடியது. ஒரு கடை வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து குழாய் விற்க வேண்டும் என்பது அவன் கனவு. அந்தக் கனவு இப்போது தட்டில் மிதந்துகொண்டிருந்தது.

அந்த அம்மாவுக்கு போன் வந்தது. பால்கனிக்குப் போய்க் கதவையும் சாத்திக்கொண்டார். அவன் மதியச் சாப்பாட்டை நாலே வாயில் விழுங்கி, டப்பாவைக் கழுவி, தட்டுத் தண்ணீரை ஊற்றி, செடியை உள்ளே அமுக்கி மூடினான்.

மூன்று நாள் கழித்து, குழாய் ஒழுகுகிறதா என்று விசாரிக்கிற சாக்கில் போன் செய்தான். ஒழுகவில்லையாம். ஆனால் முட்டைச் செடியைக் காணவில்லையாம், பக்கத்து வீட்டுப் பூனை வேலையாக இருக்குமாம். பாவம், பூனை! பொது அறிவுக்காகக் கேட்கிறேன் என்று சொல்லி, குட்டிகளை எப்படி வளர்ப்பது என்று மெல்ல விசாரித்தான். அந்த அம்மா அவனை நூலகத்துக்கு வரவழைத்து, அதைப் பற்றி ஒரு புத்தகமே இரவல் கொடுத்தார். இரண்டு வாரத் தவணைக்குப் பதில் இரண்டு மாதத் தேதியைக் குத்தினார். இவ்வளவு நல்ல மனுஷியிடமா திருடினோம் என்று தெருமுனை வரைக்கும் அவனுக்கு வருத்தமாக இருந்தது.

முட்டை பொரிந்த பிறகுதான் அவன் வருத்தம் முழுக்கத் தன்மேலேயே திரும்பியது.

குட்டிகள் அசைகிற இரையைத்தான் தின்னும். அதற்காக உப்புத் தண்ணீர் பாட்டிலில் பொடி இறால் முட்டைகளைப் பொரிய வைத்து, அலசி, வேளாவேளைக்கு ஊட்ட வேண்டும். ஒன்றாக விட்டால் ஒன்றின் காலை ஒன்று கடித்துவிடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி டப்பா, ஒவ்வொரு டப்பாவுக்கும் தினமும் புதுத் தண்ணீர். அந்தத் தண்ணீரும் சில்லென்று இருக்க வேண்டும். மனைவியின் ஃப்ரிட்ஜில் ஐஸ் பாட்டில் தவிர வேறெதற்கும் இடமில்லை. ஊரில் பாதிக் குழாய்கள் ஒழுகின, அவன் எங்கும் போகவில்லை.

"நம்ம பொண்ணு பிறந்தப்போ ஒரு துணி மாத்தியிருப்பீங்களா? இப்ப இந்தப் பல்லிங்களுக்குத் தாயா இருக்கீங்க" என்றாள் மனைவி. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிருந்ததால், அவனால் நிமிர்ந்து முறைக்கக்கூட முடியவில்லை.

இரண்டு இஞ்ச் வந்தது. கடைக்காரரை மறுநாள் வரச் சொல்லியிருந்தான்.

அதற்கு முந்தின நாள் காலையிலேயே கதவைத் தட்டியது லைப்ரரி அம்மா. கையில் இரண்டு ஐஸ் பெட்டிகள். புத்தகத்தின் தவணை அன்றோடு முடிகிறது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. வாசலிலேயே புத்தகத்தை நீட்டினான். வாங்கிக்கொண்டு, அவனைத் தாண்டி உள்ளே நடந்தார். அலமாரி முழுக்க டப்பாக்கள்.

இதெல்லாம் மச்சான் கொடுத்துவிட்டுப் போனது என்று ஆரம்பித்தான். அந்த அம்மா தன் போனைக் காட்டினார். தொட்டிக்கு மேலே கேமரா இருந்திருக்கிறது. செடி டப்பாவுக்குள் போவது மட்டுமில்லை, நாலு வாய்ச் சோறு அவன் வாய்க்குள் போவதும் தெளிவாகத் தெரிந்தது.

"எது வெளியே போனாலும் தேதி குறிச்சு வைக்கிறது என் பழக்கம்" என்றார்.

தெருவில் பாதி வீட்டுச் சாவி அவனை நம்பித்தான் கைமாறுகிறது. இதை ஒருவர் பார்த்தால் போதும், இனி ஒரு கதவும் அவனுக்குத் திறக்காது. போலீஸ் மட்டும் வேண்டாம் என்று கும்பிட்டான், அழுகையே வந்துவிட்டது.

"போலீஸ் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, அவர் ஒவ்வொரு குட்டியாகக் கால்களைச் சரிபார்த்துப் பெட்டியில் விட்டார். எண்பத்து நாலு. மூடியை அழுத்திவிட்டு வாசலில் திரும்பிப் பார்த்தார். முகத்தில் அந்தத் தொட்டிச் சிரிப்பு.

"நல்லா வளர்த்திருக்கீங்க. போன வருஷம் எடுத்துட்டுப் போன எலக்ட்ரீஷியன் முப்பதுதான் திருப்பிக் கொடுத்தார்."